டயாலிசிஸ் பிரிவின் மாதக் கூட்டம்: நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்கும் ஒரு மருத்துவமனை

நாகர்கோவில் – மார்த்தாண்டம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். சிகிச்சையின் தரத்தை எடைபோட எனக்குப் படிப்பு கிடையாது. அங்கே நோயாளிகளிடம் கருத்துக் கேட்கிறார்களே, அந்த ஏற்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாராட்டும் உண்டு, குறையும் உண்டு என்பதால் பெயரைப் போடவில்லை. அங்கே போய் வருகிறவர்கள் வாசித்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுக்க வேண்டும். துணைக்குப் போவது நான். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கருங்கல் பக்கத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம்.

டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் மற்ற நோயாளிகளைப் போல ஒரு வாரம் படுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. எந்தக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, எந்த நேரத்தில் ஆள் குறைவு, யாருடைய கை பட்டால் ஊசி வலிக்காது என்பதெல்லாம் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு மேனேஜரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவை ஒரு மருத்துவமனை எடுத்துக்கொள்கிறதா, வீணாக்குகிறதா என்பதுதான் என் கேள்வி.

முன்பு வீணாகத்தான் போயிற்று. பில் கட்டும் கவுண்டரில் ஒரு டேப்லெட் நிறுத்தியிருந்தார்கள். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று படம். கவுண்டரில் இருக்கும் பிள்ளை, "ஒண்ணு அமுக்கிட்டுப் போங்கம்மா" என்று சொல்லும். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். எல்லாரும் சிரிக்கும் முகத்தை அமுக்கிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதோடு செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் போகும். போகிற இடம் எது? பதிவு செய்யும்போது வயசானவர்கள் மகனுடைய எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். மகன் துபாயிலோ குவைத்திலோ வேலையில் இருப்பான். அப்பாவுக்கு ஊசி குத்தினது வலித்ததா என்று அவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு நிலைமை இதுதான்.

பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "டெக்னீஷியனின் திறமை – மிக நன்று, நன்று, சுமார், மோசம்." தாளைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரே டெக்னீஷியன். நாளை மறுநாள் இதே கைதான் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் இரண்டு பெரிய ஊசியைக் குத்தப் போகிறது. எவர் 'மோசம்' என்று டிக் போடுவார்? அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்து, தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் திருப்தி என்று வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நம் ஊர் வழக்கமும் இதற்கு ஒரு காரணம். 1838லேயே நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய மாவட்டம் இது. டாக்டரையும் நர்சையும் கும்பிட்டே பழகின தலைமுறைகள். உயிரைக் காப்பாற்றுகிறவர்களிடம் போய்க் கக்கூஸ் நாறுகிறது என்று சொல்வது நன்றி கெட்ட செயல் என்று என் மாமியார் காலத்தில் நினைத்தார்கள். இன்றைக்கும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இப்போது நடப்பது மாதக் கூட்டம். இரண்டாம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், பிரிவுக்கு அடுத்த அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் உட்காருகிறார்கள். கூட்டத்தை நடத்துவது டயாலிசிஸ் பிரிவு ஆள் இல்லை. பிரசவ வார்டில் பொறுப்பில் இருக்கும் ஒரு மூத்த சிஸ்டர். நம் பிரிவு ஊழியர்கள் முதல் அரை மணி நேரம் உள்ளே வரக்கூடாது. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வருவார்கள், யார் சொன்னது என்ற பேச்சு இல்லாமல் விஷயம் மட்டும் அவர்கள் முன்னால் வைக்கப்படும். இந்த ஒரு ஏற்பாட்டுக்கே நான் நல்ல மார்க் போடுவேன்.

முதல் கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர்" என்றே வட்டம் சுற்றி வந்தது. குளச்சல் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி மட்டும், "மக்களே, நான் ஒண்ணு சொன்னா அந்தப் பிள்ளைக்குக் கோவம் வராதா?" என்று கேட்டார். சிஸ்டர், "வந்தா நான் பாத்துக்கிடுவேன், நீங்க சொல்லுங்கம்மா" என்றார். பாட்டி சொன்னது ஊசியைப் பற்றியே இல்லை. சாப்பாட்டுத் தாளைப் பற்றி.

அந்தத் தாளை டயாலிசிஸ் தொடங்கின எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஓட்ஸ், சப்பாத்தி, புரோக்கோலி, ஆப்பிள் என்று எங்கிருந்தோ எடுத்து அச்சடித்த பட்டியல். "எங்க வீட்டுல கிழங்கும் மீனும்தான். இதுல கிழங்குன்னே ஒரு வார்த்தை இல்லியே. நான் திங்கலாமா, திங்கப்பிடாதா?" என்று பாட்டி கேட்டார். எங்கள் பக்கம் கிழங்கு என்றால் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) அவியலில் போடலாமா? சக்கை (பலாப்பழம்) காலத்தில் ஒரு சுளையாவது தின்னலாமா? கருப்பட்டிக் காப்பி? கஞ்சி குடித்தால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்ற தண்ணீர்க் கணக்கில் வருமா? பல பேர் வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்த கேள்விகள்.

இது சின்ன விஷயம் இல்லை என்று டயாலிசிஸ் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். நம் ஊரிலோ நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டு வருவது இளநீரும் பழக்குலையும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப் பழம் எல்லா வீட்டிலும் தொங்கும். வாழை, சக்கை, மாம்பழம், இளநீர், கருப்பட்டி என்று இங்கே ஆசையாகத் தின்கிற எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. 'வாழைப்பழம் தவிர்க்கவும்' என்று தாளில் ஒரு வரி இருந்தது, ஆனால் இளநீரைப் பற்றி இல்லை. எங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒரு அண்ணன், உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் ஒரு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து இவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனசோடுதான் கொடுத்தார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு டயட்டீஷியன் வந்து உட்கார்ந்தார். இளம் பெண், ஊர் சேலம் பக்கம். பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்க வீட்டுல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிடுவீங்கன்னு அப்படியே சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார். மரச்சீனியைத் தோல் சீவி, சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்து, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி வேக வைத்து வடிப்பதை ஒரு அக்கா செய்முறையோடு சொன்னார். நம் வீடுகளில் ஒரு தடவை எப்படியும் வடிப்போம். இரண்டாம் தடவை வடித்தால் பொட்டாசியம் இன்னும் குறையும் என்று டயட்டீஷியன் சேர்த்துக்கொண்டார். மீன் குழம்புக்குத் தேங்காயைக் குறைப்பது, கருவாட்டை உப்புக்காக விட்டுவிடுவது, கஞ்சியையும் ரசத்தையும் தண்ணீர்க் கணக்கில் எழுதுவது எல்லாம் அங்கேயே பேசி முடிவானது. இப்போது கொடுக்கிற தாளில் கிழங்கு இருக்கிறது, சக்கை இருக்கிறது, முதல் வரியிலேயே இளநீர் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம், பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு என்று தனியாக நாலு வரி. அதை வெட்டி எங்கள் வீட்டு வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

எடை பார்க்கும் இயந்திரத்தின் கதையையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸில் எத்தனை லிட்டர் நீரை எடுப்பது என்பது எடையை வைத்துத்தான். அரைக் கிலோ பிசகினாலும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் இறங்கிவிடும், இல்லாவிட்டால் நீர் உடம்பிலேயே நிற்கும். திங்கள்சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்த ஒருவர் எங்களோடு வருகிறார். அவர் சொன்னார்: தரை துடைக்கிறவர்கள் தராசை நகர்த்திவிட்டுத் திரும்ப வைக்கும்போது இடம் மாறுகிறது, அந்த மூலையில் டைல்ஸ் ஒன்று தாழ்ந்திருக்கிறது, நான் கையோடு கொண்டுவந்த ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தேன், எண் வேறு வேறாக வருகிறது. கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் செய்து காட்டினார். அதுவரை, "ரெண்டு நாளைக்கு நடுவில தண்ணி குடிச்சிட்டு வந்துட்டு இல்லைன்னு சொல்லுறீங்க" என்று எத்தனையோ பேர் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். மறுவாரமே தராசுக்குச் சமமான பலகை அடித்து ஆணி வைத்துப் பொருத்திவிட்டார்கள். டெக்னீஷியன் ஒருவர் அந்த வியாபாரியிடம் வந்து நேரில் வருத்தம் சொன்னதையும் பார்த்தேன். நல்ல பிள்ளை.

என் வீட்டுக்காரர் சாய்தளத்தைப் பற்றிச் சொன்னார். கார் நிற்கும் இடத்திலிருந்து பிரிவுக்கு இரண்டரை அடி ஏற்றம். சாய்தளம் பதினைந்து அடிக்குமேல் இல்லை. சக்கர நாற்காலியை இரண்டு பேர் தள்ளினால்தான் ஏறும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, முப்பது அடி வேண்டும், இடம் இல்லாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று பில் தாளின் பின்பக்கம் வரைந்தே கொடுத்தார். ஊசி போட்ட கை வீங்கியிருந்தது. இடது கையால் வரைந்தார். கட்டி முடிக்க மாதங்கள் ஆயிற்று. ஆனால் அவர் வரைந்தபடிதான் கட்டியிருக்கிறார்கள். நோயில் படுத்த பிறகு அந்த மனிதர் தொழில்காரராகப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

கருத்துப் பெட்டி ஒன்றும் உண்டு, பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு. இதில் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது. தபால் பெட்டியில் அடுத்து எப்போது திறப்பார்கள் என்று ஒரு தகடு செருகியிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் நம்பிக் கடிதத்தைப் போடுவார்கள். இந்தப் பெட்டியிலும் அப்படி ஒன்று வையுங்கள், சாவி இந்தப் பிரிவில் இருக்கக்கூடாது என்று கேட்டேன். செய்துவிட்டார்கள். முன்பு பெட்டியில் மிட்டாய்க் காகிதம்தான் கிடக்கும். இப்போது சீட்டு விழுகிறது.

சொன்னதற்குப் பதில் என்ன என்பது சுவரில் ஒரு பலகையில் வருகிறது. நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்ய முடியாதது – மூன்று பகுதி. மூன்றாவதைத்தான் நான் முதலில் வாசிப்பேன். ராத்திரி ஷிஃப்ட் சீக்கிரம் முடிய வேண்டும், பஸ் கிடைக்கவில்லை என்று பேச்சிப்பாறை, அருமனை பக்கத்து ஆட்கள் கேட்டிருந்தார்கள். முடியாது என்று எழுதி, ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் இயந்திரத்தைக் கிருமி நீக்கம் செய்யும் நேரத்தைக் குறைத்தால் ஆபத்து என்று காரணமும் போட்டிருந்தார்கள். ஆனால் மலைப்பக்கத்து ஆட்களைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றி, பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்டு ராத்திரிக்குப் போட்டார்கள். காரணத்தோடு முடியாது என்று சொன்னால் ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏ.சி. குளிருக்குப் போர்வை, டிவி சத்தம் போன்றவை உடனுக்குடன் முடிந்துவிட்டன.

இனி குறைகள்.

பணத்தைப் பற்றிப் பேசவிடுவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருகிறவர்களிடம் சில சாமான்களுக்குத் தனியாக வாங்குகிறார்கள். எது அட்டையில் அடங்கும், எது அடங்காது என்று ஒரு பட்டியல் வையுங்கள் என்று பல பேர் கேட்டாயிற்று. "அது இந்தக் கூட்டத்து விஷயம் இல்லை" என்கிறார்கள். பலகையில் முடியாது என்றுகூட எழுதவில்லை. நோயாளிக்கு ராத்திரி தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான். இதைத் தள்ளிவைத்துவிட்டுக் கருத்துக் கேட்கிறோம் என்று சொல்வது பாதிக் காதால் கேட்பதுதான்.

ஒரு குறிப்பிட்ட ஊழியர் கடுமையாகப் பேசுகிறார் என்று சீட்டுப் போட்டால் அதற்கும் பதில் வருவதில்லை. பலகையில் பெயர் போட வேண்டாம், அது நியாயம். போட்டவரைக் கூப்பிட்டு இன்னது செய்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா?

கூட்டம் பகலில் நடப்பதால் ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் வர முடிவதில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி இயந்திரத்தில் படுக்கிற இளைஞர்கள் அவர்கள். ஆள் குறைவாக இருக்கும் நேரத்தின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். பெண்கள் இன்னும் அதிகம் பேச வேண்டும். வட்டத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தால் பெண்சாதி வாயைத் திறப்பதில்லை, நோயாளி அவளாகவே இருந்தாலும்.

இன்னொன்று. எங்களோடு வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டாரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கடைசி வாரங்களில் என்ன நடந்தது, ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம் பிடித்தது, யார் நல்ல வார்த்தை சொன்னார்கள் என்றெல்லாம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். சில மாதம் கழித்து, மரியாதையாக, விருப்பம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.

மற்ற ஏற்பாடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்காக: அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் 'மேரா அஸ்பதால்' (என் மருத்துவமனை) என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ தானியங்கி அழைப்போ வரும். திருப்தியா, இல்லை என்றால் ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவா, சிகிச்சையா என்று கேட்கும். செயலியிலும் சொல்லலாம். தமிழ்நாட்டில் 104க்கு அழைத்தும் குறை சொல்லலாம். நாடு முழுக்க எந்த ஆஸ்பத்திரி எப்படி என்று பார்க்க அது உதவும். தராசுக்கு அடியில் டைல்ஸ் தாழ்ந்திருப்பது அதில் வராது. குறுஞ்செய்தி பதிவு செய்த எண்ணுக்கே வருவதால், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பதிவு செய்யும்போது தங்கள் கையில் இருக்கிற எண்ணையே கொடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண் வேண்டாம்.

என் தம்பி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே 2013 முதல், 'இந்த ஆஸ்பத்திரியை நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் பரிந்துரைப்பீர்களா' என்று கேட்டார்களாம். 2020இல் அதை விட்டுவிட்டு, 'எங்கள் சேவை உங்களுக்கு எப்படி இருந்தது' என்று மாற்றி, சொந்த வார்த்தையில் எழுதவும் இடம் விட்டார்கள். எங்கள் பழைய தாளிலும் அந்தப் பரிந்துரைக் கேள்வி இருந்தது. கிடைக்கிற இயந்திரத்தில் படுத்துக்கொண்டிருக்கிறவர் எதை யாருக்குப் பரிந்துரைக்க? அதை எடுத்துவிட்டது நல்ல காரியம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். காப்பீட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிற அன்றைக்கு ஐந்தாவதைப் போடுவேன். புதிதாக அங்கே சேருகிறவர்கள் முதல் நாளே கிழங்கு, சக்கை போட்ட புதுச் சாப்பாட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டு இன்னும் சில மேஜைகளில் கிடக்கிறது. கூட்டத்துக்கு முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டியதில்லை, துணைக்கு வருகிறவர்களும் உட்காரலாம், எழுதத் தெரியாதவர்களுக்குச் சிஸ்டரே எழுதிக்கொள்வார். ராத்திரி ஷிஃப்டுக்குத் தனிக் கூட்டம் கேட்டு ஒரு மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அங்கே டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் காலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் என்னைப் பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.